ஐயாயிரத்திலிருந்து எண்ணூறுக்கு: மண்டபத்துப் பையன் ஒருவனின் ஒரு வருடம்

போன ஜனவரியில் நடந்த ஒரு 5000 மீட்டர் போட்டி. பதினொன்றரைச் சுற்று வரைக்கும் நான்காவது ஆளாகப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த எங்கள் பையன், கடைசிச் சுற்று மணி அடித்ததும் வெளிப்பக்கமாக விலகி இரண்டு பேரைத் தாண்டி இரண்டாவதாக வந்து முடித்தான். மொத்தம் 15:48. அந்தக் கடைசிச் சுற்று மட்டும் என் வாட்சில் 63 வினாடி. பக்கத்தில் நின்ற இன்னொரு பயிற்சியாளர், "சார், இவன்கிட்ட ஸ்பீடு கிடக்கு. எதுக்கு ஐயாயிரத்துல போட்டு வீணாக்குறீங்க? எண்ணூறுக்கு இறக்கிப் பாருங்க" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 15:48 வைத்துக்கொண்டு மாநில அளவில் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு சுற்றில் முடிகிற ஓட்டத்தில் அந்த 63-ஐ இரண்டு தடவை ஓடி, கொஞ்சம் கூட்டினால் போதாதா என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கே தப்பியது, எங்கே பாதி சரியாக வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். நீளம் ஓடுகிற பிள்ளைகளைக் கீழே இறக்கிப் பார்க்கிற ஆசை எல்லா மைதானத்திலும் இருக்கிறது. பையனின் பெயர் வேண்டாம். நேரங்கள் எல்லாம் நான் கையால் அமுக்கியவை, ஒரே மைதானத்தில் எடுத்தவை. அதனால் பத்தில் ஒரு பங்கு வினாடிக்கெல்லாம் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பையனும் ஊரும்

வயது 19. ஒல்லி, நெட்டை, 54 கிலோ. வீடு ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில் இருக்கிற மண்டபம் ஊரில், வடக்குக் கடற்கரைப் பக்கம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். இந்தத் தகவல் பின்னால் வேலைக்கு வரும். நானும் இதைப் பின்னால்தான் கவனித்தேன்.

அவன் ஓட ஆரம்பித்தது பதக்கத்துக்காக இல்லை. எங்கள் கடற்கரையில் காலை ஐந்து மணிக்கு ஓடுகிற பையன்களில் பத்துக்கு எட்டுப் பேர் ராணுவத்துக்கோ போலீசுக்கோ ஓடுகிறவர்கள். 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் ராணுவத் தேர்வில் முதல் பிரிவு. போலீஸ் தேர்வில் 1500-க்கு ஏழு நிமிடம் தருகிறார்கள். இவன் ராணுவ 1600-ஐ முதல் மாதத்திலேயே ஐந்து நிமிடத்துக்குக் கீழே ஓடிவிட்டு, மூச்சு வாங்காமல் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

பயிற்சி பெரும்பாலும் ஈர மணலில். வடக்குப் பக்கம் அலை அதிகமில்லாத கடல், ஓரத்தில் கெட்டியாக மணல் கிடக்கும். மேடு ஏறிப் பழக எங்கள் ஊரில் பாம்பன் பாலத்தை விட்டால் வேறு வழியில்லை. இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், நடுவில் முதுகைத் தூக்கி நிற்கும். விடியும் முன்னால், லாரி குறைவான நேரத்தில் ஏறி இறங்குவான். சுற்றுலா வேன்காரர்கள் அடிக்கிற ஹாரனுக்குப் பயந்து பிறகு அதையும் குறைத்தோம்.

நான் பார்த்தும் பார்க்காத எண்

பிப்ரவரியில் 400 மீட்டர் தனியாக ஓடவிட்டேன். 56.4.

அதே நாளில், அதே சுண்ணாம்புக் கோட்டில், கரைவலை இழுக்கிற வீட்டுப் பையன் ஒருவன் 52.6 ஓடினான். கட்டையான உடம்பு, தோள் அகலம். 3000 ஓடச் சொன்னால் நான்காவது சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நம் பையனோ 3000-ஐ 9:06-ல் முடிக்கிறவன். "இவனுக்கு 400 பழக்கமில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதம் வேகப் பயிற்சி கொடுத்தால் 53 வந்துவிடும்" என்று நோட்டில் எழுதினேன். அந்த வரி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் 53 வரவில்லை. இந்த ஒரு வருடத்தில் அவனுடைய 400 தொட்ட உச்சம் 55.1.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 400-ஐ 56.4-ல் ஓடுகிறவன் 5000-இன் கடைசிச் சுற்றை 63-ல் ஓடினால், தன் முழு வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எடுத்திருக்கிறான். 800-ஐ இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சுற்றுக்கு 60 வினாடி. அதற்கு நூற்றுக்கு 94. அதிலும் 800-இல் முதல் சுற்றுத்தான் வேகமாகப் போகும். 58.5-ல் போனால் நூற்றுக்கு 96. அதாவது, தன்னால் முடிந்த வேகம் அத்தனையையும் பிழிந்துகொண்டு பாதித் தூரத்தைத் தாண்டி, இன்னொரு சுற்று ஓட வேண்டும். கரைவலைப் பையனுக்கு அதே 60 வினாடிச் சுற்று 88 பங்குதான். அவன் கை தளர்ந்து, தோள் இறங்கி, சும்மா போவதுபோல் போவான். அப்படித் தளர்வாகப் போகிற இடைவெளி எவ்வளவு என்பதில்தான் 800 மீட்டர் அடங்கியிருக்கிறது.

நான் கண்ட 63 வினாடி வேகத்தால் வந்ததே இல்லை. மற்ற மூன்று பேரும் செத்துப்போயிருந்தார்கள், இவன் சாகவில்லை. அதை வேகம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூச்சு எவ்வளவு, கால் எவ்வளவு

ஓடும்போது உடம்புக்குத் தேவையான சக்தியில் எவ்வளவு ஆக்சிஜனைக் கொண்டு கிடைக்கிறது, எவ்வளவு அது இல்லாமல் கடன் வாங்கிக் கிடைக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். நன்கு பயிற்சி பெற்ற ஆண்களுக்கு 400-இல் ஆக்சிஜன் பங்கு பாதிக்குக் கொஞ்சம் கீழே. 800-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு. 1500-இல் ஐந்தில் நான்குக்கு மேல். 5000-இல் கிட்டத்தட்ட முழுவதும் அதுதான்.

இதைப் படித்துவிட்டு, "800-இலேயே மூன்றில் இரண்டு மூச்சுத்தானே, நம் பையனிடம் மூச்சு மலையாக இருக்கிறதே" என்று நினைப்பது சுலபம். நானும் நினைத்தேன். மிச்சமிருக்கிற ஒரு பங்குதான் வெற்றி தோல்வியைப் பிரிக்கிறது. அந்தப் பங்கு பெரும்பாலும் பிறவியில் அமைந்த தசை நாரைப் பொறுத்தது. பயிற்சியால் கொஞ்சம் நகரும், ஆளே மாறிவிடாது.

மோ ஃபாராவை வைத்துப் போட்ட சண்டை

பையன் யூடியூபில் எல்லாம் பார்க்கிறவன். மார்ச்சில் ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், ஃபாரா பத்தாயிரம் ஓடுறவரு. 1500-ஐ 3:28.81-ல ஓடியிருக்காரு. அப்போ எதுக்கு என்னால முடியாதுங்கிறீங்க?"

நான் முடியாது என்று சொல்லவே இல்லை. அப்போது அவனைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. 2013 ஜூலையில் மொனாக்கோவில் ஃபாரா ஓடிய அந்த ஓட்டம் அன்றைக்கு ஐரோப்பிய சாதனை. அடுத்த மாதமே மாஸ்கோவில் 5000, 10000 இரண்டிலும் உலகப் பட்டம் வாங்கினார். ஹைலே கெப்ரசெலாசி 1999-இல் ஜப்பானில் நடந்த உள்ளரங்க உலகப் போட்டியில் 3000 மட்டுமல்ல, 1500-ஐயும் ஜெயித்தார். பாவோ நுர்மி 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500, 5000 இரண்டு தங்கத்தையும் ஒரே நாளில் எடுத்தார். சிஃபான் ஹசன் 2019 தோஹாவில் 1500-ஐயும் 10000-ஐயும் சேர்த்து ஜெயித்தார். அப்படி ஒரு ஜோடியை அதற்கு முன்னால் யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் பகதூர் பிரசாத் 1992-இல் 5000-க்கு 13:29.70, 1995-இல் 1500-க்கு 3:38.00 என்று இரண்டு தேசிய சாதனைகளை வைத்திருந்தார். இரண்டும் இருபது வருடத்துக்கு மேல் நின்றன.

இந்தப் பட்டியலில் எல்லாப் பெயருமே 1500 வரைக்கும்தான் இறங்குகின்றன. 5000-இல் பெரிய ஆளாக இருந்துகொண்டு 800-இல் உலகப் பதக்கத்தோடு நின்ற ஆள் இங்கே ஒருவரும் இல்லை. யாக்கோப் இங்கப்ரிட்சன் டோக்கியோவில் 1500 ஒலிம்பிக் தங்கம், பாரிஸில் 5000 ஒலிம்பிக் தங்கம். 800-இல் 2020-இல் அவர் பதித்த நேரம் 1:46.44. நல்ல நேரம்தான், ஆனால் உலக இறுதிச் சுற்றுக்கு அது பக்கத்தில்கூட வராது. 2022-இலும் 2023-இலும் உலகப் போட்டி 1500-இல் கடைசி இருநூறு மீட்டரில் அவர் தோற்றதும், இரண்டு தடவையும் சில நாளில் 5000-ஐ ஜெயித்ததும் இதே கதையின் இன்னொரு பக்கம்.

800-க்கு வந்து ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலும் 400 பக்கமிருந்து ஏறி வருகிறார்கள். 1976 மொன்ட்ரியலில் ஜுவான்டொரேனா 400, 800 இரண்டிலும் தங்கம் எடுத்தார். அந்த 800 இறுதிப் போட்டியில் முதல் சுற்றை 51 வினாடிக்குள் இழுத்துக்கொண்டு போனவர் நம் ஸ்ரீராம் சிங். ஏழாவதாக முடித்தாலும் அன்று அவர் ஓடிய 1:45.77 இந்தியாவில் 42 வருடம் நின்றது. அதை 2018-இல் உடைத்த ஜின்சன் ஜான்சன், அதே வருடம் ஆசிய விளையாட்டில் 1500 தங்கம் வாங்கினார். 800 ஓடுகிறவர் 1500-க்கு ஏறுவது இப்படி அடிக்கடி நடக்கிறது. கென்யாவின் டேவிட் ருடிஷா 800-இல் வைத்த உலக சாதனையான 1:40.91-ஐப் பிரித்தால் முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. 49-இல் முதல் சுற்றைத் தாண்டிவிட்டு உயிரோடு இருக்க, எந்த 5000 ஓட்டக்காரரால் முடியும்?

பீட்டர் ஸ்னெல்லைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்த நண்பர் ஒருவர் உண்டு. வாரத்துக்கு நூறு மைல் ஓடிப் பயிற்சி எடுத்து, 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டையும் ஜெயித்தவர் ஸ்னெல். சரிதான். ஆனால் அவர் நீளம் ஓடிப் பழகிய 800 ஓட்டக்காரர். நீள ஓட்டக்காரர் 800-க்கு இறங்கியது வேறு. பயிற்சி ஒன்றுபோல் இருந்ததால் ஆளும் ஒன்று என்று ஆகிவிடாது.

இதையெல்லாம் இன்றைக்கு வரிசையாக எழுதுகிறேன். மார்ச்சில் பையனிடம் நான் சொன்னது, "பார்த்துரலாம் தம்பி" மட்டும்தான்.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்றன. கல்லூரியும் மே மாதம் விடுமுறை. நான் திட்டத்தை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை 200 மீட்டர் எட்டுத் தடவை, 29-30 வினாடியில், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. வியாழக்கிழமை 300 மீட்டர் நான்கு தடவை, முழு ஓய்வோடு. சனிக்கிழமை பாலத்து மேட்டில் குட்டை ஓட்டம். ஞாயிறு நீள ஓட்டத்தை 16 கிலோமீட்டரிலிருந்து 10-க்குக் குறைத்தேன். இதுவும் தப்பு, பிறகு சொல்கிறேன்.

ஜூன் இரண்டாவது வாரம் சோதனை ஓட்டம். 400: 55.1. 800: 1:59.8. 1500: 4:03.5. ஜனவரியில் அவனுடைய 1500 வெறும் 4:11. எட்டு வாரத்தில் ஏழரை வினாடி. 800-இல் இரண்டு நிமிடம் உடைந்துவிட்டது. கரைவலைப் பையன் அதே ஓட்டத்தில் 1:58.4 ஓடி ஜெயித்தான் என்பதை அன்றைக்கு யாரும் பொருட்படுத்தவில்லை. பையனின் அம்மா மைதானத்துக்கே சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார். ஆகஸ்டில் 1:57, நவம்பரில் 1:55 என்று நோட்டில் அம்பு போட்டு வைத்தேன்.

ஜூலை

ஜூலை முதல் வாரம் 800: 2:01.9. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுத்தான் காரணம் என்றேன். காரணம் சொல்ல எங்கள் ஊரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. எதிர்ப்பக்க நேர்கோட்டில் முகத்தில் மணலை வாரி அடிக்கும். மூன்றாவது வாரம் காற்றுத் தணிந்த ஒரு காலையில் மறுபடி ஓடவிட்டேன். 2:02.4. 1500 எடுத்தால் 4:06. செவ்வாய்க்கிழமை 200-களில் 29 வரவேண்டிய இடத்தில் 31, 32 வந்தது. நான் விடவில்லை. "இன்னும் ரெண்டு, தம்பி" என்றேன். அடுத்த தடவை வளைவிலிருந்து நேர்கோட்டுக்கு வரும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

மூன்று வாரம் ஓட்டமில்லை. ஸ்பைக் ஷூ புதிது என்பதால் அதைக் குற்றம் சொன்னேன்.

அவன் அப்பா டீக்கடையில் என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். நான் ஷூவைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வாத்தியாரே, செவ்வாக்கிழம, வியாழக்கிழம, ஞாயித்துக்கிழம காலையில போட்டு கரைக்கு வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு நான்தான் அவனுக்குப் போன் போட்டு எழுப்புறேன். மீன எறக்கி, எறாலு பிரிச்சு, ஐஸு போட்டுட்டு நேரா உங்ககிட்டதான் வர்றான். அவன் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

வேகப் பயிற்சி நாள் இரண்டுமே மீன் இறக்கும் நாளில் விழுந்திருந்தது. ஜூன் 15-க்குப் பிறகு ஐந்து வாரம், ராத்திரித் தூக்கமில்லாத உடம்பை 200 மீட்டர் பறக்கச் சொல்லியிருக்கிறேன். போன வருடம் இதே தூக்கக் குறைவோடுதான் அவன் ஐயாயிரம் ஓடியிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. களைத்த காலோடு 10 கிலோமீட்டர் ஓடலாம். மெதுவாக ஆரம்பித்து, உடம்பு சூடேறி, எப்படியோ முடித்துவிடலாம். களைத்த காலோடு முழு வேகம் எடுக்க முடியாது. எடுத்தால் கிழியும். பத்து வருடம் பயிற்சி கொடுத்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும். அவன் களைத்திருக்கிறான் என்பதுதான் தெரியாமல் போனது. நீள ஓட்டத்தில் அது வெளியே தெரிவதே இல்லை.

இன்னொரு சந்தேகமும் அங்கேதான் முளைத்தது. தடைக்காலத்தில் கிடைத்த அந்த ஏழரை வினாடிக்கு என் 200 மீட்டர்களா காரணம், 61 நாள் முழுத் தூக்கமா? இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் பிரித்துச் சொல்ல வழியில்லை. தூக்கத்துக்குப் பாதிக்கு மேல் கொடுப்பேன்.

திருப்பி ஏற்றியது

செப்டம்பரில் 800-ஐ விட்டுவிட்டோம். பையனுக்கு வருத்தம், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1500-ஐ முதன்மையாக வைத்து, ஞாயிறு நீள ஓட்டத்தைப் பழையபடி 16 கிலோமீட்டர் ஆக்கினேன். முந்தைய வாரங்களில் அதைக் குறைத்தபோது அவனுடைய உண்மையான சொத்தையே அடகு வைத்திருக்கிறேன். 1500-இல் ஐந்தில் நான்கு பங்கு மூச்சு என்றால், மூச்சுக்காரனிடம் அதைக் குறைக்கச் சொல்வது என்ன புத்தி?

வேகத்துக்கு வாரத்தில் ஒரே நாள், அதுவும் வெள்ளிக்கிழமை, முந்தின ராத்திரி தூங்கியிருந்தால் மட்டும். 200-க்குப் பதில் 150 மீட்டர், ஐந்தே தடவை, முழு ஓய்வோடு. இன்னொரு நாள் 1000 மீட்டர் ஐந்து தடவை, 1500 வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக. அது செவ்வாயில் விழுந்தாலும் பரவாயில்லை, களைப்பைத் தாங்கும்.

அப்புறம் ஓடுகிற முறை. 1500-இல் கடைசி 200 வரைக்கும் கூட்டத்தோடு போனால் கரைவலைப் பையன் மாதிரி ஆள் வந்து தூக்கிவிட்டுப் போய்விடுவான். அதனால் இரண்டாவது சுற்றிலிருந்தே இழுக்கச் சொன்னேன். வேகக்காரனை அவனுக்குப் பிடிக்காத களைப்புக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிட வேண்டும். பையனுக்கு முன்னால் ஓடுவது பிடிக்காது, காற்று முகத்தில் அடிக்கும் என்பான். வாடை ஆரம்பித்த நவம்பரில் இரண்டு தடவை முன்னால் போய் மூன்றாவது சுற்றில் பிடி கொடுத்துவிட்டான். மூன்றாவது தடவை பிடி கொடுக்கவில்லை.

டிசம்பரில் 1500: 4:00.8. அதே போட்டியில் கரைவலைப் பையன் 4:09. மறுநாள் நடந்த 800-இல் அவன் 1:57.1, நம் பையன் பார்வையாளர். யாரும் குறிவைக்காத 5000, அடுத்த வாரமே 15:24 வந்தது. கடைசிச் சுற்றைக் கேட்காதீர்கள், 64. வேகம் ஏறவில்லை, ஆனால் மொத்தத்தில் 24 வினாடி இறங்கியிருக்கிறது.

400-ஐ மறுபடி சோதித்தேன். 55.6. இந்த எண்ணைத்தான் முதல் நாளே நம்பியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் யாராவது பிள்ளையை 800-க்கு இறக்கலாமா என்று கேட்டால், 5000-இன் கடைசிச் சுற்றைச் சொல்லாதே, ஓய்வெடுத்துத் தனியாக ஓடிய 400-ஐச் சொல் என்கிறேன். 53-க்குள் வந்தால் பேசலாம். 55, 56 என்றால் 1500-லேயே நிறுத்திவிடு. எனக்கு இருப்பது இந்த ஊர்ப் பையன்களின் அனுபவம். பெண் பிள்ளைகளுக்கு இந்த எண் வேறாகத்தான் இருக்கும், அதில் எனக்கு இன்னும் போதிய ஆள் கிடைக்கவில்லை.

நாலு நிமிடம் இன்னும் உடையவில்லை. ஒரு வினாடிக்கும் கீழே பாக்கி. பையன் ஜனவரியிலேயே முயற்சி செய்யலாம் என்றான். நான் அவன் அப்பாவிடம் கேட்டேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஏப்ரல் பதினஞ்சு வரட்டும் வாத்தியாரே. போட்டைக் கட்டிட்டா நானே அவன எட்டு மணி வரைக்கும் தூங்க விடுறேன்" என்றார். தேதியை மே மாதம் மூன்றாவது வாரத்துக்குக் குறித்திருக்கிறோம்.